எதற்கு மதிப்பெண்? நடுநிலை வகுப்பு வாதக் கட்டுரைகளைத் திருத்துதல்

நம் பள்ளிகளில் கட்டுரை என்றாலே குறிப்புச் சட்டகம்தான் நினைவுக்கு வரும். முன்னுரையில் தொடங்கி, வினாத்தாளில் கொடுத்த நான்கைந்து குறிப்புகளை உட்தலைப்புகளாக்கி, நடுவில் ஒரு குறளையோ பாரதி வரியையோ வைத்து, முடிவுரையில் நாட்டை வாழ்த்தி நிறுத்தினால் கட்டுரை முடிந்தது. திருத்துபவர் கையிலும் அதே சட்டகம்தான்: உட்தலைப்பு இருக்கிறதா, மேற்கோள் இருக்கிறதா, பிழை எத்தனை, கையெழுத்து எப்படி. ‘பொங்கல் திருநாள்’, ‘நூலகத்தின் பயன்’ போன்ற தலைப்புகளுக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தும். அங்கே மாணவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. நூலகத்தால் பயனில்லை என்று மல்லுக்கு நிற்க யாரும் வரப்போவதில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையிடம் ‘இது வேண்டுமா, வேண்டாமா? உன் கருத்தைக் காரணத்தோடு எழுது’ என்று கேட்கும்போது கதை வேறு. கேட்டது காரணத்தை, மதிப்பெண் போவதோ உட்தலைப்புக்கு. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: வாதக் கட்டுரையில் மதிப்பெண்ணின் பெரும்பங்கு, மாணவர் சொன்ன கருத்துக்கும் அவர் காட்டிய சான்றுக்கும் நடுவே உள்ள இணைப்புக்குப் போக வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பேச வசதியாக ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது. ‘இதை 8ஆம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டுமா?’ என்பது கேள்வி. கீழே வரும் இரண்டு பகுதிகளும் இந்த அத்தியாயத்துக்காகப் புனைந்தவை. ஆனாலும் எந்த ஆசிரியருக்கும் பழகிய முகங்கள்தாம். முதல் கட்டுரை இப்படிப் போகிறது: “காலை உணவு மனிதனுக்கு இன்றியமையாதது. அது உடலுக்கு வலிமையையும் உள்ளத்துக்குப் புத்துணர்ச்சியையும் தருகிறது. மாணவர்களே நாளைய பாரதத்தின் தூண்கள். எனவே அரசு காலை உணவைக் கட்டாயம் 8ஆம் வகுப்பு வரை வழங்க வேண்டும்.” இரண்டாவது இப்படி: “மதிய சாப்பாடு பத்தாவது வரைக்கும் போடுறாங்க. காலை சாப்பாடு அஞ்சாவதோட நிக்குது. ஆறாவது வந்தா பசி நின்னுறுமா. எங்க ஊர்ல அஞ்சாவது வரைக்கும்தான் இருக்கு. ஆறாவதுக்கு பக்கத்து ஊருக்கு பஸ்ல போகனும். ஏழு மனிக்கே கெளம்பனும். அதனால சின்ன புள்ளைங்கள விட எங்களுக்குதான் வீட்ல சாப்புட நேரம் கம்மி.” முதலாவதில் பிழையே இல்லை, எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் பேச்சுவழக்கும் எழுத்துப்பிழையும் நிறைந்திருக்கின்றன. வழக்கமான திருத்தத்தில் முதலாவது பத்துக்கு எட்டு வாங்கும். இரண்டாவது நான்கோடு தப்பித்தால் பெரிது.

வாதம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடும். முதல் கட்டுரையில் முடிவைச் சொல்லும் கடைசி வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் கேட்ட கேள்வியைத் தொடவில்லை. காலை உணவு நல்லது என்பது உண்மை. அது 60 வயதுக்காரருக்கும் பொருந்தும். 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏன், வீட்டில் சாப்பிடாமல் பள்ளியில் ஏன், அரசு ஏன் என்ற எதற்கும் அங்கே பதில் இல்லை. இரண்டாவது கட்டுரை இரண்டு தனித்தனிக் காரணங்களைச் சொல்கிறது. ஒன்று ஒப்பீடு: மதிய உணவு 10ஆம் வகுப்பு வரை கிடைக்கும்போது காலை உணவுக்கு மட்டும் 5ஆம் வகுப்பில் கோடு கிழிப்பதற்கு என்ன நியாயம்? மற்றொன்று இன்னும் கூர்மையானது: வகுப்பு உயர உயரப் பள்ளி தூரமாகிறது, தூரம் கூடக் கூடக் காலை நேரம் குறைகிறது, ஆகவே பெரிய பிள்ளைகளின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இது வெறும் ஊர்க்கதையும் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளே தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர் என்று எல்லை வைத்திருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு இந்த விதி தெரியாது. பேருந்து நேரம் தெரியும். தனக்குத் தெரிந்ததை வைத்து முடிவை நோக்கி நடந்திருக்கிறது. வாதம் என்பது அந்த நடைதான்.

இந்த நடைக்குப் பெயர் சூட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்டீஃபன் டூல்மின். 1958இல் வெளிவந்த தம் நூலில், அன்றாட வாதம் ஒவ்வொன்றிலும் ஒரு முடிவு, அதற்கு ஆதாரமான தகவல், அந்தத் தகவலிலிருந்து இந்த முடிவுக்கு வர அனுமதிக்கும் ஒரு பொதுவிதி ஆகியவை இருப்பதைக் காட்டினார். கூடவே வாதத்தின் எல்லையைச் சுட்டும் சொற்கள், விதிவிலக்குகள் ஆகியவற்றையும் சேர்த்தார். தமிழாசிரியர்களுக்கு இது முழுக்கப் புதிய சரக்கும் அல்ல. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை பற்றிச் சொல்லுமிடத்தில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வருவதும் இதே குடும்பத்துப் பிரிப்புதான். நம் வேலைக்கு வேண்டியது டூல்மினின் பட்டியலில் மூன்றாவதாக நிற்கும் பொதுவிதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை முடிவைச் சொல்லிவிடும், தகவலையும் சொல்லிவிடும். இரண்டையும் சேர்க்கும் பொதுவிதியைச் சொல்லாது. ‘ஒரே பள்ளியில் படிப்பவர்களுக்கு உணவு விஷயத்தில் வகுப்பை வைத்து வேறுபாடு காட்டக் கூடாது’ என்பது இரண்டாவது கட்டுரையின் அடியில் ஓடும் விதி. பிள்ளை அதை எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருக்கும்.

திருத்துபவர் சறுக்கும் இடமும் இதுதான். மாணவரின் முடிவு நமக்கும் பிடித்த முடிவாக இருந்தால், விடுபட்ட இணைப்பை நம் மனமே இட்டு நிரப்பிவிடுகிறது. பக்கத்தில் இல்லாத வாதத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். பிடிக்காத முடிவாக இருந்தால் அதே விடுபடல் உடனே கண்ணில் குத்துகிறது. முதல் கட்டுரைக்கு எட்டு கிடைப்பதற்கு அழகான நடை மட்டும் காரணமில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்பதில் திருத்துபவருக்கும் மறுப்பில்லை என்பதும் ஒரு காரணம். இதற்கு ஒரு சோதனை உண்டு. அதே தரத்தில், அதே அளவு சான்றோடு, எதிர்முடிவை எழுதியிருந்தால் என்ன மதிப்பெண் போட்டிருப்போம் என்று கேட்டுக்கொள்வது. ‘நீட்டிக்க வேண்டாம், அந்தப் பணத்தில் ஊருக்கு ஒரு பேருந்து கூடுதலாக விட்டால் பிள்ளைகள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரலாம்’ என்று ஒருவர் எழுதினால், அது கல் நெஞ்சம் அல்ல, வகுப்பிலேயே சிறந்த கட்டுரையாகக்கூட இருக்கலாம்.

படிக்கும் முறையிலிருந்து தொடங்கலாம். முதல் முறை படிக்கும்போது சிவப்பு மை பேனாவை மூடி வைக்க வேண்டும். கையில் பேனா இருந்தால் கண் ‘மனி’யில் நின்றுவிடும், வாதம் கடந்து போய்விடும். படித்து முடித்ததும் கட்டுரையின் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுத வேண்டும்: இன்னது வேண்டும் என்கிறார், ஏனென்றால் இன்னது. இரண்டாவது கட்டுரைக்கு ‘8 வரை வேண்டும், ஏனென்றால் தூரத்துப் பள்ளிக்குப் போகிறவர்களுக்குக் காலையில் நேரமில்லை’ என்று எழுதிவிடலாம். முதல் கட்டுரைக்கு ‘8 வரை வேண்டும், ஏனென்றால்’ என்பதோடு பென்சில் நின்றுவிடும். அப்படி நிற்பதே ஒரு மதிப்பீடு. அந்த ஒற்றை வரி கிடைத்த பிறகு, இந்தக் காரணத்திலிருந்து அந்த முடிவுக்குப் போக முடியுமா, காரணம் உண்மை என்று மாணவருக்கு எப்படித் தெரியும், ஒப்புக்கொள்ளாத ஒருவர் இங்கே எந்த இடத்தில் குறுக்கிடுவார் என்று கேட்க வேண்டும். பழகிவிட்டால் ஒரு கட்டுரைக்கு மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாத வேலை இது.

சான்று என்பதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் நடுநிலை வகுப்பில் குழப்பம் மிகுந்த இடம் அதுவே. சான்று என்றால் புள்ளிவிவரம் என்று மாணவர்களுக்கு எப்படியோ பதிந்துவிடுகிறது. தேர்வறையில் புள்ளிவிவரம் எங்கிருந்து வரும்? கற்பனையிலிருந்துதான். ‘90 சதவீத மாணவர்கள் காலையில் சாப்பிடுவதில்லை என ஆய்வுகள் கூறுகின்றன’ என்ற வாக்கியத்தை எழுதியவருக்கு அந்த ஆய்வு எது என்று தெரியாது, திருத்துபவருக்கும் தெரியாது, இருந்தும் ஒரு மதிப்பெண் விழுந்துவிடுகிறது. இப்படிப் பரிசு கொடுத்துப் பழக்கினால் எட்டாம் வகுப்புக்குள் நாம் கற்றுக்கொடுப்பது வாதத்தை அல்ல, புளுகை. இதற்கு மாறாக, ‘எங்கள் வகுப்பில் பஸ்ஸில் வருகிறவர்கள் பாதிப்பேர்’ என்பது சின்னச் சான்று, ஆனால் நேர்மையான சான்று. தன் எல்லையைத் தானே சொல்லிவிடுகிறது. ‘எல்லாரும்’, ‘எப்போதும்’, ‘யாருமே’ என்று வீசாமல் ‘எங்கள் ஊரில்’, ‘பெரும்பாலும்’, ‘தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு’ என்று அளந்து எழுதும் மாணவருக்கு அந்த அளவுக்காகவே மதிப்பெண் தர வேண்டும். பல ஆசிரியர்கள் இதைத் தயக்கம் என்று நினைத்து ‘உறுதியாக எழுது’ என்று குறிப்பு எழுதுகிறார்கள். எனக்கு அது தலைகீழ்ப் பாடமாகவே படுகிறது.

பாதிக் குற்றம் கேள்வியிலும் இருக்கிறது. எழுத்துக் கல்வியில் நெடுங்காலம் உழைத்த ஜார்ஜ் ஹில்லாக்ஸ், அமெரிக்காவில் பல மாநிலங்களின் எழுத்துத் தேர்வுகளை ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் எழுதினார். தகவல் எதையும் கையில் கொடுக்காமல், குறுகிய நேரத்தில் கருத்தை எழுதச் சொல்லும் தேர்வுகள் ஐந்து பத்தி வாய்ப்பாட்டையும் மேலோட்டமான காரணங்களையும் வளர்த்துவிடுகின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. 2011இல் வந்த அவருடைய இன்னொரு நூல், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாதம் எழுதக் கற்றுத்தருவது பற்றியது. அதில் அவர் வலியுறுத்துவது, கருத்திலிருந்து தொடங்கிச் சான்று தேடப் போகாமல், சான்றை முதலில் முன்னே வைத்து அதிலிருந்து கருத்துக்கு வரப் பழக்க வேண்டும் என்பது. நம் வகுப்பறையில் இதைச் செய்யப் பெரிய ஏற்பாடு வேண்டாம். கேள்வியோடு அரைப்பக்கத் தகவலும் கொடுக்கலாம்: வகுப்பில் யார் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், இன்று காலை சாப்பிட்டு வந்தவர் எத்தனை பேர், முதல் பேருந்து எத்தனை மணிக்கு. மாணவர்களையே விசாரித்து எழுதச் சொல்லலாம். (யார் சாப்பிடவில்லை என்பதைக் கை தூக்கச் சொல்லி எண்ண வேண்டாம், பெயரில்லாத சீட்டுப் போதும்.) எல்லார் கையிலும் ஒரே தகவல் இருக்கும்போது, அதை யார் எப்படிப் பயன்படுத்தினார் என்பதைத் திருத்துபவர் நேராக ஒப்பிட முடிகிறது. இன்னொரு லாபமும் உண்டு: எந்த நோட்ஸ் புத்தகத்திலும் இந்தக் கட்டுரை கிடைக்காது.

இனி எதிர்க்கருத்து. பதினொரு வயதுப் பிள்ளையிடம் எதிராளியின் வாதத்தையும் எழுது என்று கேட்பது அதிகமில்லையா என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வகுப்புவாரியாக ஏற வேண்டிய படி என்பதற்குத்தான் நியாயமே தவிர, வேண்டாம் என்பதற்கு அல்ல. 2010இல் அமெரிக்காவில் வெளியான பொதுத் தர வரையறையில் 5ஆம் வகுப்பு வரை ‘கருத்து’ எழுதுவது, 6ஆம் வகுப்பிலிருந்து ‘வாதம்’ எழுதுவது. அந்த 6ஆம் வகுப்பிலும் காரணமும் சான்றும் தெளிவாக இருந்தால் போதும். மாற்றுக் கருத்து ஒன்று இருக்கிறது என ஏற்று எழுதுவது 7இல் வருகிறது. அதிலிருந்து தன் கருத்து எப்படி வேறுபடுகிறது என்று பிரித்துக் காட்டுவது 8இல். முடியுமா என்ற கேள்விக்கு டியன்னா குன், அமாண்டா க்ரோவெல் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விடை. ஒரு நகர்ப்புற நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள், ஒரே பக்கம் நிற்கும் இரண்டு மாணவர்கள் சேர்ந்து எதிர்ப்பக்க இணையோடு கணினி வழியாக எழுதி எழுதி வாதாடினார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த மற்றொரு வகுப்பு, ஆசிரியர் நடத்திய கலந்துரையாடலோடு இவர்களைவிடக் கூடுதலாகக் கட்டுரைகள் எழுதியது. கடைசியில் இரு தரப்பையும் எடுத்துப் பேசிய கட்டுரைகள் வாதாடிய பிள்ளைகளிடமிருந்தே அதிகம் வந்தன. எதிராளி என்று ஒருவர் நிஜமாகவே எதிரே இருந்தது அவர்களுக்கு உதவியது.

நமக்கு இது அந்நியச் சரக்கல்ல. நன்னூல் பாயிரம் எண்ணிச் சொல்லும் எழுவகை மதங்களில், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைவதும் ஒன்று. ஏற்றுக்கொண்டு என்பது கவனிக்க வேண்டியது. மாணவர்கள் எழுதும் எதிர்க்கருத்து பெரும்பாலும் வைக்கோல் பொம்மையாக இருக்கும்: ‘சிலர் பிள்ளைகள் பட்டினி கிடக்கட்டும் என்பார்கள், அது தவறு.’ அப்படி யாரும் சொல்லவில்லை. இதற்கு மதிப்பெண் தரக் கூடாது. எதிர்க்கருத்து என்று ஒரு பத்தி இருப்பதே போதும் என்று அட்டவணையில் டிக் அடித்தால் பொம்மைகள்தாம் பெருகும். ‘சமையலுக்கு ஆளும் பணமும் கூடுதலாக வேண்டும், ஆனால் ஏற்கெனவே மதிய உணவுக்குச் சமையல்கூடம் இருக்கும் பள்ளியில் அந்தச் செலவு குறையும்’ என்று எழுதியவர் எதிராளியை மதித்திருக்கிறார். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு எதிரணியை மடக்குவது இயல்பாக வரும். நல்ல பேச்சாளர் எதிரணி சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு பதில் தருவதையும் பார்த்திருப்பார்கள். கைதட்டலுக்கான துணுக்கும் கூடவே வரும். கட்டுரையில் அதற்கு ஒரு புன்னகை தரலாம், மதிப்பெண் வேண்டாம்.

இதெல்லாம் சரி, ‘இணைப்பு’க்கு மதிப்பெண் என்றால் ஆளுக்கு ஆள் மாறாதா, உட்தலைப்பையும் பிழையையும் எண்ணுவது நடுநிலையான அளவாவது ஆகுமே என்பது வலுவான மறுப்பு. எண்ணுவது எளிது என்பது உண்மை. ஆனால் கட்டுரைக்கு நாம் போடும் மதிப்பெண் எண்ணிக்கையால் வருவதில்லை என்பதைக் காட்டும் சான்று நூறாண்டுப் பழையது. 1912இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 100க்கு 64இலிருந்து 98 வரை வந்தது. மொழிப்பாடம் அப்படித்தான் என்று சொன்னவர்களுக்காக அடுத்த ஆண்டு வடிவியல் விடைத்தாளை அனுப்பினார்கள். வேறுபாடு இன்னும் கூடியது. 1961இல் பால் டீடரிச் குழுவினர் 300 கட்டுரைகளை ஆறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து ஒன்பது நிலைகளில் தரம்பிரிக்கச் சொன்னபோது, 101 கட்டுரைகள் ஒன்பது நிலைகளையும் பெற்றன. இந்த ஆய்வில் அதிகம் கவனிக்கப்படாத பகுதியே நமக்குப் பயன்படும். வேறுபாடு தாறுமாறாக இருக்கவில்லை. சிலர் கருத்துக்கு, சிலர் அமைப்புக்கு, சிலர் நடைக்கு, சிலர் பிழையின்மைக்கு, சிலர் சொல்லாட்சிக்கு என்று தத்தமக்குப் பிடித்ததற்கு மதிப்பெண் தந்திருந்தார்கள். ஆக, எதற்கு மதிப்பெண் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யாததுதான் பெரிய கோளாறு. ஒரே வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், கட்டைத் திறக்கும் முன் ஐந்து கட்டுரைகளைத் தனித்தனியே திருத்தி, ஒப்பிட்டு, இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்ட இடங்களில் மட்டும் ஏன் என்று பேசிக்கொண்டால் போதும். அந்தப் பேச்சில் ‘எனக்கு இவன் கையெழுத்து பிடித்திருந்தது’ என்று ஒருவர் ஒப்புக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நீளமும் இதே மாதிரியான ஏமாற்றுப் பேர்வழி. அமெரிக்காவில் எஸ்ஏடி தேர்வில் 2005இல் கட்டுரை சேர்க்கப்பட்டபோது, எம்ஐடியில் எழுத்துப் பயிற்சி நடத்திவந்த லெஸ் பெரல்மன் மாதிரிக் கட்டுரைகளை ஆராய்ந்து, நீளம் கூடினால் மதிப்பெண்ணும் கூடுகிறது என்று காட்டினார். கூடுதல் தாள் வாங்குகிறவரைக் கண்டு பெருமூச்சு விடும் நம் தேர்வறைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிழைகளைப் பற்றி என்ன செய்வது? கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழில் எழுதும் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையில் நீண்ட தொலைவு இருக்கிறது. ணகர னகரமும் வல்லின மிகுதியும் அந்தத் தொலைவில் உள்ள மேடு பள்ளங்கள். அதற்குத் தனிக் கணக்கு வைத்து, தனி மதிப்பெண் போட்டு, அந்தக் கணக்குக்குள்ளேயே வெட்ட வேண்டும். ‘மனி’ என்று எழுதியதற்காகப் பேருந்து நேரம் என்ற சான்று பொய்யாகிவிடாது. இதில் ஒரு நுணுக்கம்: சில மொழிக் குறைகள் வாதத்தின் குறைகளே. ‘எனவே’ என்று வர வேண்டிய இடத்தில் ‘மேலும்’ என்று வந்தால் அது சொல் பிழை அல்ல, இணைப்பு அறுந்திருக்கிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவையும் அப்படிப்பட்டவை. முதல் கட்டுரை முழுக்கக் கூறியது கூறலே. தமிழாசிரியர் எல்லாருக்கும் மனப்பாடமான இந்தப் பெயர்களை, மரபிலக்கணக் கேள்விக்கு விடையாக மட்டும் வைத்திருக்காமல் ஓரக் குறிப்புகளாகப் பயன்படுத்தினால், மாணவர்களுக்கும் தம் கட்டுரையைத் தாமே சோதிக்கச் சில கருவிகள் கிடைக்கும்.

மதிப்பெண்ணைப் பிரிப்பதற்கு வருவோம். 2012-13இல் வந்த முப்பருவ முறை, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தது. அதில் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகள் வகுப்பாசிரியர் கையில் இருந்தவை. எந்த ஏற்பாடு நடப்பில் இருந்தாலும், ஆசிரியர் தீர்மானிக்கக்கூடிய ஒரு 10 மதிப்பெண் எங்காவது இருக்கும். அதை இப்படி வைக்கலாம்: கேட்ட கேள்விக்கு நேரான நிலைப்பாடு இருந்தால் 1, காரணம், சான்று, இரண்டின் இணைப்பு ஆகியவற்றுக்கு 5, எதிர்க்கருத்தை மதித்துப் பதில் சொன்னதற்கு 2, மொழிக்கு 2. 6ஆம் வகுப்பில் எதிர்க்கருத்துக்கான 2 மதிப்பெண்ணையும் சான்றோடு சேர்த்துவிடலாம். நடுவில் உள்ள அந்த 5தான் முதுகெலும்பு. காரணம் ஒன்றைச் சொல்லி அதையே வேறு சொல்லில் திருப்பியவருக்கு 1. காரணமும் அதற்குப் பொருந்தும் சான்றும் இருந்து, எப்படிப் பொருந்துகிறது என்று சொல்லாதவருக்கு 3. பொருத்தத்தையும் சொல்லி, அது எங்கே பொருந்தாது என்றும் உணர்ந்தவருக்கு 5. இந்தக் கணக்கில் நம் முதல் கட்டுரை நிலைப்பாட்டுக்கு 1, காரணத்துக்கு 1, மொழிக்கு 2 எனப் 10க்கு 4 வாங்கும். இரண்டாவது, நிலைப்பாடு வாக்கியமாக வெளிப்படாததால் அந்த 1ஐ இழந்தாலும், காரணத்துக்கு 4, ‘சின்னப் பிள்ளைகளுக்குத்தான் தேவை அதிகம்’ என்ற எண்ணத்துக்குப் பதில் சொன்னதற்கு 1, மொழிக்கு அரை என்று ஐந்தரைக்கு வரும். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. ஆனால் எங்கே திருத்தினால் எட்டுக்குப் போகலாம் என்பது இருவருக்கும் தெரிகிறது.

பொதுத்தேர்வில் இப்படித் திருத்த மாட்டார்களே, அங்கே உட்தலைப்பும் மேற்கோளும்தானே சோறு போடும் என்ற கவலை பெற்றோரிடமிருந்து வரும். உட்தலைப்பு போடக் கற்றுக்கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. அது ஒரு வாரத்தில் வந்துவிடும் பழக்கம். காரணம் சொல்லும் பழக்கம் மூன்றாண்டு கேட்கும், அறிவியல், சமூக அறிவியல் விடைகளிலும் கைகொடுக்கும். குறளுக்கும் இங்கே இடமுண்டு. வாதத்தை நகர்த்தும் குறளாக இருந்தால் அது சான்றின் பக்கம் சேரும். சூட்டி வைத்த குறளாக இருந்தால் எதிலும் சேராது.

கடைசியாகத் திருப்பிக் கொடுக்கும் வேலை. ரூத் பட்லர் இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்பு மாணவர்களோடு நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். மதிப்பெண் பெற்றவர்களும், மதிப்பெண்ணோடு குறிப்பும் பெற்றவர்களும் அப்படி முன்னேறவில்லை. அது கட்டுரையைப் பற்றிய ஆய்வு அல்ல என்பதால் அப்படியே பெயர்த்து நடக் கூடாது. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடும் பிள்ளைகளை எந்த வகுப்பிலும் காணலாம். எனவே முதல் வரைவுக்குக் குறிப்பு மட்டும். மதிப்பெண்ணைக் குறிப்பேட்டில் பென்சிலால் வைத்துக்கொண்டு, திருத்தி எழுதிய பின் சொல்வது நல்லது. குறிப்பும் ஒன்றே போதும், அது கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. ‘காரணம் போதாது’ என்பதால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. ‘பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது பொருந்துமா?’ என்று எழுதினால், இரண்டாவது கட்டுரைக்காரர் உட்கார்ந்து யோசிப்பார். நாற்பது நோட்டுக்கும் இப்படி எழுத எங்கே நேரம் என்று கேட்டால், நாற்பதுக்கும் எழுத வேண்டாம். ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கினருக்கு விரிவான குறிப்பு. மற்றவர்களுக்கு, பெயரை மறைத்த இரண்டு பத்திகளைக் கரும்பலகையில் எழுதி வகுப்பே சேர்ந்து திருத்துவது. மூன்று கட்டுரைக்குள் எல்லாருக்கும் முறை வந்துவிடும்.

இரண்டாம் வரைவில் ஒரு சிக்கல் வரும். குறிப்பில் கேட்ட கேள்வியை யோசித்த பிள்ளை, நிலைப்பாட்டையே மாற்றிக்கொண்டு வந்து நிற்கும்: ‘எல்லாருக்கும் வேண்டாம், தூரத்திலிருந்து வருகிறவர்கள் படிக்கும் பள்ளிகளுக்கு முதலில் கொடுக்கலாம்.’ முதல் வரைவோடு முரண்படுகிறதே என்று மாறுகொளக் கூறல் கணக்கில் வெட்டிவிடக் கூடாது. அந்தக் குற்றம் ஒரே கட்டுரைக்குள் நேர்வது. இங்கே நடந்தது வேறு. இரண்டாம் வரைவை அதன் சொந்தக் காரணங்களை மட்டும் வைத்து மதிப்பிட்டு, மாறியதற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதியிருந்தால் அதை 5இல் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று ஊகித்து மாற்றியிருப்பாரோ என்ற ஐயம் எழுந்தால், அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.